பதினைந்து நாள் ரோஜா

அத்தியாயம் 11

ஒரு ரோஜாவுக்கு ‘அக்கா’ என்று யாராவது பெயர் வைப்பார்களா? நம் தம்பி வைத்துவிட்டான். எட்டு வருடம் மகரந்தத்தோடு மல்லுக்கட்டி அவன் உருவாக்கிய புது ரகம். நேற்று வரைக்கும் நானூற்றுப் பதினேழு என்ற வெறும் எண்ணாக இருந்த செடி. அதற்குத் தன் சொந்த அக்காவையே பெயராக வைத்துவிட்டான் என்பதைத்தான் போன வாரம் பார்த்தோம்.

“இனிமே கடையில வந்து ஒரு டஜன் அக்கா கொடுங்கன்னு கேப்பாங்க” என்று தம்பி மனைவி சொன்னதும், பூ வெட்டும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஜாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் சாத்திக்கொண்டாள் என்று ஒரு வாரமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். மூடி மறைத்துவிட்டு அவள் படும் பாடே போதும், நானும் சேர்ந்து மறைப்பானேன்.

ஜாடி அறை என்பது பசுமைக்குடிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு மூன்று தண்டு. வெறும் தண்ணீர். என்றைக்கும் ஒரே அளவு வெளிச்சம், ஒரே அளவு குளிர். எந்த ரகம் எத்தனை நாள் வாடாமல் நிற்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவதுதான் அங்கே வேலை.

கேட்டால் உட்கார்ந்து பூவை வேடிக்கை பார்க்கிற வேலை மாதிரி இருக்கும். ஆனால் வெட்டுப்பூ வியாபாரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நிறம் கண்ணைப் பறிக்கலாம், தண்டு நெடுநெடுவென்று வளரலாம், முள் குறைவாக இருக்கலாம். ஐந்தாம் நாள் கழுத்து வளைந்து தலை தொங்கிவிட்டால் அந்த ரகத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பதினோரு வருடமாக அங்கே எண்ணுகிறவள் அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் ஒற்றைப் பையோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, அவன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எண்ணுறதுக்கு நம்பிக்கையா ஒரு ஆள் வேணும்னு தவிச்சிட்டிருந்தேன்க்கா, நல்ல வேளை வந்த” என்றான். அந்த ஒரு பேச்சுக்கு அவள் ஆயுசுக்கும் கடன்பட்டவளாகிப் போனாள்.

இன்று காலை சமையலறையில் தம்பி மனைவி பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள். குடிலில் எதை எதோடு சேர்த்தது என்று பூவுக்குப் பூ சீட்டுக் கட்டுவது அவள் வேலை. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

“அண்ணி, பதினோரு மணிக்கு நம்ம ரோஜாவை வாங்கி நடப்போற அந்தத் தோட்டக்கார அம்மா வர்றாங்க. உங்க ஊதா உடுப்பு இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். பூவை வெச்சிக்கிட்டு நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்.”

“எனக்கெதுக்கு இப்போ போட்டோ?”

“பெட்டி மேல ஒட்டத்தான். அக்கான்னா எந்த அக்கான்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா?” சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தாள். காய்கறி வைக்கும் தட்டு முழுக்க ரோஜா விதைப் பொட்டலங்கள். முளைப்பதற்கு முன் விதைகள் மூன்று மாதம் குளிரில் கிடக்க வேண்டும். “இந்த வீட்டுல ஒரு தக்காளிக்கு இடம் கிடையாது. அடுத்த வருஷமாவது இதுக்குன்னு தனியா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கித் தரச் சொல்லுங்க உங்க தம்பிய.”

அக்கா தேநீரைக் கையில் எடுத்தாள்.

“நேத்து சாயங்காலம் அந்த அம்மா போன் பண்ணாங்க அண்ணி. பழைய செடி மொத்தத்தையும் பிடுங்கியாச்சாம். நாலு ஏக்கர். நம்ம செடி வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கின்னாங்க.”

“ஒப்பந்தத்துல கையெழுத்தே இன்னும் ஆகலையே.”

“அவங்களுக்குக் கையெழுத்தெல்லாம் ஒரு சடங்குதான். உங்க நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தோம்ல? அதைப் பார்த்துட்டுதான் முடிவே பண்ணாங்களாம்.”

அக்கா வாய் வைத்த கோப்பையை அப்படியே கீழே வைத்தாள்.

“சூடா இருக்கா?” என்றாள் தம்பி மனைவி.

“ம்” என்றாள் அக்கா.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானூற்றுப் பதினேழு முதன்முதலாக ஜாடி அறைக்கு வந்தது. ஆறாம் நாள் காலை, தட்டைத் துடைக்கும்போது அவள் முழங்கை பட்டு அந்த ஜாடி கீழே விழுந்தது. மூன்று தண்டும் முறிந்துபோயின.

சொல்லியிருக்கலாம். ஜாடி விழுவதெல்லாம் கொலைக் குற்றமா? ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், நனைந்தால் அழியும் பேனாவால் அவள் சீட்டெழுதி, இருநூறு நாற்றுக்குத் தாய் தகப்பன் தெரியாமல் போயிருந்தது. “உனக்குப் போய் வேலை கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்” என்று வேலைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் தம்பி கத்தியிருந்தான். இன்னொரு முறை அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அதே செடியிலிருந்து மூன்று புதுத் தண்டு வெட்டிவந்து வைத்தாள். நோட்டில் ஆறு என்று எழுதினாள். மறுநாள் ஏழு.

புதுத் தண்டுகள் ஒன்பது நாள் நின்றன. நோட்டில் பதினைந்து ஆனது.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நோட்டைப் பார்த்த தம்பி குடிலுக்கும் வீட்டுக்குமாக ஓடினான். பொண்டாட்டியைக் கூப்பிட்டான், வெட்டும் பெண்களைக் கூப்பிட்டான், பதினைந்து, பதினைந்து என்று ஊரைக் கூட்டினான். ஆறு வருடம் எல்லாமே குப்பைக்குப் போன பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

மறுவருடம் இரண்டாவது சோதனை. இப்போது உண்மை தானாக வெளியே வந்துவிடும், நம் பாவம் கழிந்தது என்று அக்கா நிம்மதியாகத்தான் இருந்தாள். ஒன்பதாம் நாள் காலை மூன்று பூவும் கழுத்து வளைந்து நின்றன. அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனாள். பதினைந்தாம் நாள், இன்னும் வாடாமல் நன்றாக நின்றிருந்த அந்தப் புதுத் தண்டுகளைத் தன் கையாலேயே குப்பையில் போட்டாள். கணக்கு ஒத்துப்போக வேண்டுமே.

முதல் தடவை பயம் என்று ஒரு சாக்கு இருந்தது. இரண்டாம் தடவைக்கு எந்தச் சாக்கும் இல்லை. அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போதுகூடத் தன் முகத்தைப் பார்க்காமல் வகிடு எடுக்கப் பழகிக்கொண்டாள்.

இத்தனை நாளும் ஒரு சமாதானம் இருந்தது. எழுத்து நோட்டில்தானே இருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று. இன்றைக்கு நாலு ஏக்கர் செடியை ஒருத்தி பிடுங்கி எறிந்துவிட்டாள். அவள் தோட்டத்துப் பூ கப்பலிலேயே எட்டு நாள் போக வேண்டும். கடையில் பெட்டியைத் திறந்தால் எல்லாப் பூவும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். பெட்டி மேலே அக்கா போட்டோவில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஊதா உடுப்பை உடுத்திக்கொண்டு அவள் நேராகக் குடிலுக்குப் போனாள்.

தம்பி ஒரு மொட்டை உரித்துக்கொண்டிருந்தான். நாளைக்கு விரியப் போகும் மொட்டின் இதழ்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட வேண்டும். விட்டால் பூ தன் மகரந்தத்தையே தான் சேர்த்துக்கொண்டுவிடும். பிறகுதான் வேறு ரகத்து மகரந்தத்தைத் தூரிகையால் தடவுவது. அவனுடைய நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது.

“தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுக்கா.”

“கையில இருக்கிறத வெச்சிட்டுக் கேளு.”

“வெச்சா காஞ்சிரும். நீ சொல்லு, காது சும்மாதான இருக்கு.”

அவள் இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. “உன் பூ பதினஞ்சு நாள் நிக்காது. ஒன்பதுதான். நடுவுல நான் தண்ட மாத்தி வெச்சிட்டேன். ரெண்டு தடவையும்.”

கத்தரி நிற்கவில்லை. நறுக், நறுக் என்று இன்னும் நாலு வெட்டு வெட்டியது. அவன் காதில் விழவில்லை போல என்று அவள் மறுபடி ஆரம்பிக்கப் போனாள்.

“தெரியும்க்கா” என்றான் தம்பி.

“என்ன தெரியும்?”

“நானும் வெச்சுப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் மடிஞ்சிருச்சு. சரி, தண்ணி கோளாறுன்னு மறுபடி வெச்சேன். மறுபடியும் ஒன்பது.”

“எப்போ?”

“போன ரெண்டு மாசத்துல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.”

வேறு மகரந்தம் பட்டுவிடாமல் அவன் மொட்டுக்குக் காகிதத் தொப்பியை மாட்டினான். “கேட்டா நீ சொல்லிருப்ப” என்றான்.

அக்கா பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தொட்டி மேல் உட்கார்ந்தாள். தான் ஒருத்திதான் இந்த வீட்டில் திருடி என்று இரண்டு வருடம் தலை குனிந்து நடந்திருக்கிறாள். இப்போது கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று ஆறுதல் வரவில்லை. இன்னும் கேவலமாகத்தான் இருந்தது.

“அப்புறமாத்தான் என்னைப் பேரா வெச்சியா?”

“பேர் வெக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.”

“நான் அதைக் கேக்கல.”

தம்பி சீட்டுக் கட்டும் நூலை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தன் பெயரிலேயே இருக்கிற பூவை எந்த மனுஷி காட்டிக்கொடுப்பாள் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

“எட்டு வருஷம்க்கா” என்றான் கடைசியில். “குளிர் அறையில வெச்சு, தண்ணில மருந்து கலந்து அனுப்பினா நாள் கூடும். பதினஞ்சு இல்லாட்டியும் பன்னெண்டு வரும். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா பக்கத்துல வந்து உட்காரு. அது போதும்.”

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தோட்டக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். செருப்பில் சேறு காய்ந்திருந்தது. விரல்களில் முள் கீறின பழைய தழும்புகள். உள்ளே வந்ததும் வராததுமாக மேசை மேல் இருந்த பூவை எடுத்துத் தண்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள், மொட்டைத் தட்டிப் பார்த்தாள். பூ நல்ல பூதான். பவளத்துக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறம், வேறு எங்கும் கிடைக்காது.

“நீங்கதானா அந்த அக்கா?” என்று சிரித்தாள். “உங்க நோட்டைப் பார்த்தேன். தண்ணி மாத்தின நேரத்தக்கூட விடாம எழுதியிருக்கீங்க. என்கிட்டயும் பத்துப் பேர் வேலை பாக்குறாங்க, ஒருத்தருக்கும் இந்தப் பொறுப்பு கிடையாது.”

அக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி மனைவி பெருமை தாங்காமல், “எங்க அண்ணி எண்ணினா எண்ணினதுதான்” என்றாள்.

தாள்கள் மேசைக்கு வந்தன. தம்பி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். தோட்டக்கார அம்மா பேனாவை வாங்கினாள், ஆனால் எழுதவில்லை.

“எழுதினது எப்படியோ இருக்கட்டும். எனக்கு ஆள் வாயால கேட்டாத்தான் மனசு அடங்கும். பழைய பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க.” அக்கா பக்கம் திரும்பினாள். “நீங்க கண்ணால பார்த்தீங்களா? பதினஞ்சு நாளும் அதே பூ நின்னுச்சா?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தாளைப் பார்த்தான்.

“இல்லம்மா” என்றாள் அக்கா. “ஒன்பது நாள்தான்.”

தம்பி மனைவி சிரித்தாள். அண்ணி ஏதோ வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டாள். பிறகு அக்கா பேசப் பேச அந்தச் சிரிப்பு அப்படியே வெளிறிப்போனது. ஜாடி விழுந்தது, தண்டு மாற்றியது, மறுவருடம் மாற்றியது, நன்றாக இருந்த பூவைக் குப்பையில் போட்டது, ஒன்று விடாமல் அக்கா சொன்னாள். சொல்லி முடித்தால் நெஞ்சு இலேசாகும் என்று எப்போதும் நினைத்திருந்தாள். ஆகவில்லை. நாலு பேர் நடுவில் உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

தோட்டக்கார அம்மா பேனாவை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“என் நாலு ஏக்கரும் வெறும் மண்ணாக் கிடக்கு” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும். தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, “இது உங்க தம்பிக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்க்கவில்லை. தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் கதை முடிந்தது. தெரிந்தே விற்கப் பார்த்தவன் என்று பெயர் எடுத்தால், அவன் இனி எப்பேர்ப்பட்ட ரோஜாவைக் கொண்டுவந்தாலும் வாங்க ஆளிருக்காது. தெரியாது என்றால் அவன் வெறும் ஏமாந்தவன். ஏமாந்தவன் இன்னொரு எட்டு வருடம் உழைத்து எழுந்துவிடலாம்.

“தெரியாது” என்றாள். பொய்யை முடிக்க வந்தவள், வந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிட்டாள்.

தோட்டக்கார அம்மா தம்பியைக் கேட்டாள்: “நீங்க ஒரு தடவைகூட வெச்சுப் பாக்கலையா?”

அவன் சொல்லிவிடுவான் என்று அக்கா ஒரு கணம் நம்பினாள். மானத்தோடு சொல்லிவிடு, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“அக்கா எண்ணினதை நான் மறுபடி எண்ணுறதில்லம்மா” என்றான் தம்பி. குரல் பிசிறவில்லை.

அவ்வளவுதான், தம்பி மனைவிக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. “பதினோரு வருஷமா இந்த வீட்டுல உங்களை ஒரு குறை சொல்லிருப்பேனா? இப்படியா அண்ணி செய்வீங்க? அவர் பாடுபட்டதெல்லாம் மண்ணாப் போச்சே. எங்க தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே.” அழுகை முட்டிக்கொண்டு வந்து பேச்சை அடைத்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்தது தம்பியின் வாயிலிருந்து வரப்போகும் ஒரே ஒரு வார்த்தைக்கு. போதும் விடு என்று பெண்டாட்டியை அடக்கினால்கூடப் போதும்.

வார்த்தை வந்தது. “அக்கா, நீ உள்ள போ” என்றான்.

அவள் எழுந்து போனாள். ஜாடி அறையில் அந்த நேரத்துக்கு எண்ண வேண்டிய பூக்கள் வரிசையாக நின்றன. நோட்டைத் திறந்தாள். எழுத மனம் கூசி மூடி வைத்தாள். வெளியே தோட்டக்கார அம்மா, “வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்” என்று கிளம்புவதும், கார் போவதும் கேட்டன.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. தம்பி மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இன்னும் மீதி வைத்திருக்கிறாளாக்கும் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அண்ணி” என்றாள் அவள், மெல்ல. “போன மாசம் எங்க ரூம் மேசையில ஒரு டம்ளர்ல இந்தப் பூ மூணு தண்டு இருந்துச்சு. எதுக்குன்னு கேட்டேன். சும்மா, அழகுக்குன்னார்.”

அக்கா மூடின நோட்டைத் தட்டில் ஒதுக்கி வைத்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேன், அழகுக்குன்னு அவர் ஒரு பூவை வீட்டுக்குள்ள கொண்டுவந்ததில்ல. ஒரு நாள் காலையில பார்த்தா டம்ளர் காலி. மறுநாள் புதுசா மூணு தண்டு. நான்தான் லூசு மாதிரி சந்தோஷப்பட்டேன், எனக்காகத்தான் வெக்கிறார்னு.”

ஜாடிகளுக்கு மேலே விளக்கு உய்ங் என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?”

தன் தப்பென்றால் அக்கா எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்லிவிடுவாள், இன்றைக்குத்தான் சொன்னாளே. இது அவளுடையது இல்லை. தெரியும் என்று சொன்னால் ஒரு குடும்பம் உடையும். தெரியாது என்று சொல்ல, இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

“சொல்லுங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி மறுபடியும். இந்தத் தடவை அவள் குரலில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தாள்.